சுவரில் அடிப்பது, தோலில் தடவுவது

பள்ளிக்கூடம் திறந்த சில வாரங்களில் பிள்ளைகளின் தலையில் பேன் ஏறுவது புதிதல்ல. கடையில் வாங்கிய பேன் மருந்தைத் தேய்த்தும் போகவில்லை என்றால் வீட்டில் பொறுமை போய்விடுகிறது. எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸை நுணுக்கித் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தலையில் பூசுகிறவர்கள் உண்டு. கரப்பான் பூச்சி ஸ்பிரேயைக் கூந்தலில் அடிக்கிறவர்கள் உண்டு. மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்து, வயலுக்கு அடித்து மிச்சமிருந்த மருந்து என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் தலைக்கும் சிரங்குக்கும் போகிறது. கொசுத் தொல்லை தாங்காமல் கால்களில் ஸ்பிரே அடித்துக்கொண்டு படுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தடுத்துப் பேசினால் ஒரு பதில் வரும்: "பேன் மருந்துலயும் இதே சரக்குதானே இருக்கு?" இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பேன் மருந்து, சிரங்குக் களிம்பு, கரப்பான் ஸ்பிரே, எறும்பு சாக்பீஸ், கொசுவலை ஆகியவற்றில் இருக்கும் வேதிப்பொருள்கள் பல நேரங்களில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அப்படியிருக்க ஒன்றை மருத்துவர் எழுதித் தருகிறார், இன்னொன்றைத் தொட்டால் கை கழுவச் சொல்கிறார்கள். இது ஏன் என்பதற்குச் சரியான பதில் சொல்லாமல் "நஞ்சு, தொடாதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் எச்சரிக்கைகள் காதில் ஏறுவதில்லை.

வேதிப்பொருளின் பெயரைத் தெரிந்துகொள்வதால் மட்டும் ஆபத்தின் அளவு தெரிந்துவிடாது. அது எதில் கரைந்திருக்கிறது, உடம்பில் எந்த இடத்தில் பட்டது, எவ்வளவு நேரம் தங்கியது, யார் மேல் பட்டது என்ற நான்கும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. களிம்பில் இந்த நான்கையும் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுவருக்கும் தரைக்கும் செய்த மருந்தில் தடவிக்கொள்ளும் தோல் கணக்கிலேயே இல்லை. இதுவரை நடந்த ஆய்வுகளும் விபத்துகளும் தடைகளும் இதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன.

தோல் எவ்வளவு உள்ளே விடும்?

தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாக இருக்கும் இந்த அடுக்கு மற்ற இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கனம்தான். தண்ணீரை ஓரளவு தடுக்கும் இந்த அடுக்கு, கொழுப்பில் கரையும் பொருள்களுக்கு வழிவிடும். பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவை கொழுப்பில் கரைபவை. பூச்சியின் மேலோட்டைத் துளைத்து உள்ளே போக வேண்டும் என்றே அவற்றை அப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் மைபாக், ராபர்ட் ஃபெல்ட்மன் ஆகியோர் 1960களிலும் 70களிலும் அளந்து பார்த்தார்கள். கதிரியக்க அடையாளம் இட்ட மருந்தை மிகச் சிறிய அளவில் தன்னார்வலர்களின் தோலில் வைத்து, அடுத்த சில நாள்களில் சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கிட்டார்கள். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து 1971-ல் வெளியான ஆய்வில், முன்கையில் வைத்ததில் சுமார் 9 சதவீதம் உடலுக்குள் போயிருந்தது. உச்சந்தலையில் 32 சதவீதம், நெற்றியில் 36 சதவீதம், அக்குளில் 64 சதவீதம். விரைப்பையில் வைத்தது ஏறக்குறைய முழுவதுமே உள்ளே போய்விட்டது.

வீட்டுப் பழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எண்களின் அர்த்தம் புரியும். பேனுக்கு மருந்து போடும் இடம் உச்சந்தலை. சிரங்கு அதிகம் வருவது விரல் இடுக்கு, அக்குள், இடுப்பு, பிறப்புறுப்பு. மருந்து அதிகமாக உறிஞ்சப்படும் இடங்களும், நாம் மருந்து போட நினைக்கும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. சொறிந்து புண்ணான தோலில் அந்த மேலடுக்கும் இருக்காது. மருந்து தடவித் துண்டால் இறுக்கிக் கட்டினால் தோல் ஈரமாகிச் சூடேறி உறிஞ்சுதல் பல மடங்கு கூடும். வெந்நீரும் வியர்வையும் இதே வேலையைச் செய்யும்.

இதே குழு 1974-ல் வெவ்வேறு பூச்சிக்கொல்லிகளை முன்கையில் வைத்து ஒப்பிட்டது. லிண்டேன், மாலத்தியான், பாரத்தியான் எல்லாம் 10 சதவீதத்துக்குள் நின்றன. கார்பரில் மட்டும் 70 சதவீதத்தைத் தாண்டியது. கார்பரில் என்றால் பலருக்குத் தெரியாது. 'செவின் பவுடர்' என்றால் விவசாய வீடுகளில் தெரியும். கோழிச் செள்ளுக்கும் நாய் உண்ணிக்கும் தூவியது அதுதான்.

குழந்தைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எடையோடு ஒப்பிட்டால் கைக்குழந்தையின் தோல் பரப்பு பெரியவரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஒரே விகிதத்தில் தோலில் பூசினாலும் குழந்தையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் மருந்து போய்ச் சேரும். அதை உடைத்து வெளியேற்றும் ஈரலும் இன்னும் முதிர்ந்திருக்காது. கையை வாயில் வைப்பதும் கண்ணைக் கசக்குவதும் இதோடு சேரும்.

கரைசல் மாறினால் கதை மாறும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1943-44 குளிர்காலத்தில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் உடல்பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சல் கிளம்பியது. நேச நாட்டுப் படையினர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் சட்டைக்குள்ளும் தலையிலும் டிடிடி பொடியைத் தூவினார்கள். கொள்ளைநோய் அடங்கியது. டிடிடியின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதர் மேலேயே தூவினார்கள், உடனடியாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது.

நேப்பிள்ஸில் தூவியது உலர்ந்த பொடி. உலர்ந்த நிலையில் டிடிடி தோலில் மிகக் குறைவாகவே இறங்கும். அதையே எண்ணெயிலோ மண்ணெண்ணெயிலோ கரைத்தால் எளிதாக உள்ளே போகும். பொடியாக இருந்தபோது காத்த குணம் எண்ணெயில் கலந்ததும் போய்விடுகிறது. சாக்பீஸைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கிறவர்கள் தங்களை அறியாமலேயே இதைத்தான் செய்கிறார்கள்.

அந்தச் சாக்பீஸில் பொதுவாக இருப்பது டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின். டெல்டாமெத்ரினை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துச் சோதித்தபோது, தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் ஒரு கிலோ எடைக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டியும் பாதி எலிகள் சாகவில்லை. சோள எண்ணெயில் கரைத்துக் கொடுத்தபோது 130 மில்லிகிராம் அளவிலேயே பாதி எலிகள் செத்தன. மருந்தும் எலியும் மாறவில்லை. கரைத்த திரவம் மாறியதில் நஞ்சின் வீரியம் ஏறத்தாழ நாற்பது மடங்கு மாறிவிட்டது. வாய்க்கும் தோலுக்கும் கணக்கு ஒன்றல்ல. எண்ணெய் என்ன செய்யும் என்பதற்கு இது போதுமான சாட்சி.

சரக்கின் தூய்மையும் முக்கியம். 1976-ல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புப் பணிக்காக மாலத்தியான் தெளித்த சுமார் 7,500 தொழிலாளர்களில் 2,800 பேர் வரை நஞ்சேறிப் பாதிக்கப்பட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மாலத்தியான் பூச்சிக்கொல்லிகளில் மிதமான மருந்து என்று பெயர் பெற்றது. ஆராய்ந்தபோது, சில நிறுவனங்களின் சரக்கில் ஐசோமாலத்தியான் என்ற கழிவுப்பொருள் உருவாகியிருந்தது தெரிந்தது. மாலத்தியானை உடைத்து வெளியேற்றும் நொதியையே அது முடக்கிவிடுகிறது. நனைந்த சட்டையும் வெறுங்கையுமாக வேலை செய்ததில் தோல் வழியாகவே பெரும்பகுதி உள்ளே போயிருந்தது. இதே மாலத்தியான் 0.5 சதவீத அளவில் பேன் மருந்தாகச் சில நாடுகளில் விற்கப்படுகிறது. அது தூய்மை பார்த்துத் தயாரித்தது. வயலுக்கு அடிக்கும் 50 சதவீதச் சரக்கு, வெயிலில் எத்தனை மாதம் கிடந்ததோ, அதை யாரும் பார்ப்பதில்லை.

குடும்பம் குடும்பமாக

வீட்டிலும் வயலிலும் புழங்கும் பூச்சிக்கொல்லிகளைச் சில குடும்பங்களாகப் பிரிக்கலாம். தோலில் பட்டால் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

மிக ஆபத்தானவை ஆர்கனோபாஸ்பேட்டுகளும் கார்பமேட்டுகளும். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போன பிறகு அந்தச் செய்தியை அணைக்கும் நொதியை இவை முடக்குகின்றன. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில், வியர்வை, கண்ணீர் பெருகும், வயிற்றுப்போக்கு வரும், நெஞ்சில் சளி கட்டும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். தோல் வழியாகப் போனால் இவை உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். 'நுவான்' என்று பலரும் சொல்லும் டைக்குளோர்வாஸ் இந்த வகை. மூட்டைப்பூச்சிக்கும் ஈக்கும் வீட்டுக்குள்ளேயே அடித்துப் பழகிய மருந்து அது. இந்திய அரசு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பில் கார்பரில், டயசினான், மீத்தைல் பாரத்தியான் உள்ளிட்டவற்றை உடனே தடை செய்து, டைக்குளோர்வாஸுக்கு 2020 டிசம்பர் 31 வரை கெடு வைத்தது. பழைய பாட்டில்கள் வீட்டுப் பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் இன்னும் இருக்கக்கூடும்.

இரண்டாவது குடும்பம் ஆர்கனோகுளோரின்கள். டிடிடியும் 'கமாக்சின்' என்று நம் வீடுகளில் அறிமுகமான பிஎச்சி பொடியும் இதில் அடங்கும். பிஎச்சியில் பூச்சியைக் கொல்லும் கூறுதான் லிண்டேன். அதையே ஒரு சதவீத அளவில் சிரங்கு மருந்தாகவும் பேன் மருந்தாகவும் பல ஆண்டுகள் மருத்துவர்கள் எழுதினார்கள். மருத்துவ வடிவத்தில் வந்ததுகூடத் தப்பவில்லை என்பதுதான் இதில் பாடம். அளவுக்கு மேல் பூசியவர்களுக்கும், அரிப்பு நிற்கவில்லை என்று திரும்பத் திரும்பப் பூசியவர்களுக்கும் வலிப்பு வந்தது. சில மரணங்களும் நேர்ந்தன. கலிபோர்னியா 2002-ல் மருத்துவ லிண்டேனை நிறுத்தியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003-ல் கடுமையான எச்சரிக்கைப் பெட்டியை அச்சிட உத்தரவிட்டது. 2009-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் நச்சுப் பட்டியலில் லிண்டேன் ஏறியது. இந்தியாவில் பிஎச்சி 1997-லும், பூச்சிக்கொல்லியாக லிண்டேன் பயன்படுத்துவது 2013-லும் தடையானது. 2015-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை லிண்டேனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது.

மூன்றாவது பைரித்ராய்டுகள். இன்று வீட்டில் இருக்கும் கொசுச்சுருள், திரவக் குப்பி, ஸ்பிரே, சாக்பீஸ், மருந்திட்ட கொசுவலை பெரும்பாலும் இந்த வகைதான். சாமந்திக் குடும்பச் செடி ஒன்றின் பூவிலிருந்து எடுத்த பைரித்ரத்தைப் பார்த்து இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழு 1970களில் பெர்மெத்ரினையும் டெல்டாமெத்ரினையும் உருவாக்கியது. பூச்சியின் நரம்பைத் தாக்கும் அளவுக்கு மனித நரம்பை இவை தாக்குவதில்லை. மனித உடல் விரைவில் உடைத்துவிடுகிறது. தோலில் பட்டால் வேறொரு தொல்லை உண்டு. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் பட்ட இடம் ஊசி குத்துவதுபோல் எரியத் தொடங்கும். தோலில் சிவப்போ கொப்புளமோ தெரியாது. வெந்நீர் பட்டாலும் வியர்த்தாலும் எரிச்சல் கூடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். தோலின் நரம்பு நுனிகள் தூண்டப்படுவதால் வருவது இது. முகத்திலும் பிறப்புறுப்பிலும் பட்டால் தாங்க முடியாது.

நான்காவதாக, கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் அமிட்ராஸைச் சொல்ல வேண்டும். மாட்டுக்கும் நாய்க்கும் தண்ணீரில் பல மடங்கு கலக்கித் தெளிக்க வேண்டிய அடர் திரவம் இது. மனித உடலுக்குள் போனால் தூக்கம் கவிந்து நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கும். இரத்தச் சர்க்கரை ஏறும். சில அறிகுறிகள் ஆர்கனோபாஸ்பேட்டுகளின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், என்ன மருந்து என்று சொல்லாவிட்டால் மருத்துவருக்கே குழப்பம் வரும்.

குழாயில் 5, டப்பாவில் 0.1

இப்போது அந்த நியாயமான கேள்விக்கு வருவோம். சிரங்குக்கு எழுதித் தரும் பெர்மெத்ரின் களிம்பின் அளவு 5 சதவீதம். கரப்பான் ஸ்பிரே டப்பாவில் இருக்கும் பைரித்ராய்டு பெரும்பாலும் 0.1 முதல் 0.5 சதவீதத்துக்குள். எண்ணை மட்டும் பார்த்தால் களிம்புதான் பல மடங்கு காரம். ஆனால் கழுத்து முதல் பாதம் வரை பூசி எட்டு முதல் பதினான்கு மணி நேரம் விடச் சொல்வது களிம்பைத்தான்.

முதல் காரணம், இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பம்தானே தவிர ஒரே பொருள் அல்ல. பெர்மெத்ரின் களிம்பு தோலில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்குகிறது. இறங்கியதையும் தோலிலுள்ள நொதிகளே உடைக்கத் தொடங்கிவிடுகின்றன. ஸ்பிரேயில் இருப்பவை இமிப்ரோத்ரின், சைஃபெனோத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை. இவற்றில் சயனோ கூறு உள்ள பைரித்ராய்டுகள் பெர்மெத்ரினைவிட நரம்பைக் கடுமையாகத் தூண்டக்கூடியவை.

இரண்டாவது, கூட வருகிறவை. டப்பாவில் 99 சதவீதத்துக்கு மேல் இருப்பது வேறு பொருள்கள்: மணம் நீக்கிய மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான், தள்ளிவிடும் எரிவாயு, வாசனை. மண்ணெண்ணெய் தோலின் கொழுப்பைக் கரைத்து, வறண்டு வெடிக்கச் செய்து, மருந்துக்குப் பாதை திறக்கிறது. நேரம் கூடினால் தோல் வெந்தே போகும். எரிவாயு தீப்பிடிக்கும், ஈரக் கூந்தலில் ஸ்பிரே அடித்துவிட்டு அடுப்படிக்குப் போவதை நினைத்தாலே பதறுகிறது. நெருக்கத்தில் அடிக்கும்போது துளிகள் மூச்சிலும் போகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதுவே போதும்.

மூன்றாவது, அளவு. களிம்புக் குழாயில் எத்தனை கிராம், எந்த வயதுக்கு எவ்வளவு, எப்போது கழுவ வேண்டும் என்றெல்லாம் மனிதர்களிடம் சோதித்து எழுதியிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு வேண்டாம் என்பதும் அப்படிக் கண்டதுதான். ஸ்பிரேயை எத்தனை நொடி அழுத்தினால் தலையில் எவ்வளவு சேரும் என்று யாரும் அளந்ததில்லை. அந்தச் சோதனையைச் செய்ய வேண்டிய கடமையும் தயாரிப்பாளருக்கு இல்லை, ஏனென்றால் அது தோலுக்கு விற்கும் பொருள் அல்ல. தோட்டத்துக் குழாய்த் தண்ணீரும் குளுக்கோஸ் பாட்டில் தண்ணீரும் தண்ணீர்தான். எதை இரத்தக்குழாயில் ஏற்றலாம் என்பதில் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. பூச்சிமருந்திலும் அந்தத் தெளிவு வேண்டும்.

வீட்டில் நடப்பவை

தலைப்பேன் அரிக்கும், வெட்கப்பட வைக்கும், ஆனால் நோய் பரப்பாது. டைஃபஸ் பரப்புவது உடல்பேன். தலைப்பேன் குதிக்காது, பறக்காது. தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. இவ்வளவு சாதுவான தொல்லைக்கு உயிரைப் பணயம் வைப்பது கணக்குக்கே ஒத்துவராது. பிரச்சினை ஈரில்தான் இருக்கிறது. பல மருந்துகள் பேனைக் கொன்றாலும் ஈரைக் கொல்வதில்லை. ஏழு முதல் பத்து நாளில் ஈர் பொரிந்து புதுப் பேன் வரும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அடுத்த காரமான மருந்துக்குத் தாவுவது இந்த இடத்தில்தான். பெர்மெத்ரினுக்கு மசியாத பேன்களும் பல நாடுகளில் பெருகிவிட்டன. அப்படிப்பட்ட பேனுக்கு அதே குடும்பத்து ஸ்பிரேயை அடிப்பதில் பேனுக்குச் சேதம் இல்லை, பிள்ளைக்குத்தான் சேதம்.

சரியான வழி அலுப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. கூந்தலை நனைத்துக் கண்டிஷனர் தடவி, பகுதி பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பை அடிமயிரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு. டைமெத்திகோன் என்ற சிலிகான் திரவம் பேனின் மூச்சுத் துளைகளை அடைத்துக் கொல்கிறது. நரம்பு நஞ்சு அல்ல என்பதால் அதற்கு எதிர்ப்பு வளர்வதும் கடினம். வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பதை மறந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது.

சிரங்கில் சிக்கல் வேறு மாதிரி. பூச்சி செத்த பிறகும் அதன் கழிவுகளால் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லாவிட்டால், களிம்பு பலிக்கவில்லை என்று நினைத்து நோயாளி மறுபடி மறுபடி பூசுவார், அல்லது வேறொன்றைத் தேடிப் போவார். லிண்டேன் விபத்துகள் பல இப்படித்தான் நேர்ந்தன. உலகச் சுகாதார நிறுவனம் 2017-ல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. விடுதிகளிலும் நெருக்கமான வீடுகளிலும் பரவும்போது ஐவர்மெக்டின் மாத்திரையை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம் என்பது பிஜித் தீவுகளில் நடந்த ஆய்வில் உறுதியானது. அதன் முடிவுகள் 2015-ல் வெளியாயின.

அந்துருண்டையைப் பூச்சிமருந்தாக யாரும் நினைப்பதில்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய மெல்லிய வேட்டித்துணியைச் சுற்றுவது நம் வழக்கம். அந்தத் துணி பெட்டிக்கு அடியில் நாப்தலீன் உருண்டைகளோடு மாதக்கணக்கில் கிடந்திருக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, தோலிலும் மூச்சிலும் ஏறும் நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். உடம்பில் எண்ணெய் பூசியிருந்தால் இன்னும் கூடுதலாக இறங்கும். உருண்டையோடு வைத்த துணியைத் துவைத்து நன்றாக வெயிலில் காயவைக்காமல் குழந்தைக்குச் சுற்றக் கூடாது. பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டையையே விலக்கிவிடுவது இன்னும் நல்லது.

'இயற்கை' என்ற சொல்லும் காப்பாற்றாது. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தலைக்கும் நெஞ்சுக்கும் தடவுவது பல வீடுகளில் உண்டு. கற்பூரம் தோல் வழியாகவும் ஏறும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். அமெரிக்காவில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் சேர்த்த தோல் மருந்துகளை 1980களிலேயே நிறுத்திவிட்டார்கள். வேப்பெண்ணெயைத் தோலில் பூசுவதால் பெரிய தீங்கு இல்லை. கைக்குழந்தைக்கு வாய்வழியாகக் கொடுத்ததால் மூளை வீங்கி இறந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மண்ணெண்ணெயைத் தலையில் தேய்ப்பது பழைய பழக்கம்தான். தோல் வேகும், தீப்பற்றும் என்ற இரண்டும் அதைவிடப் பழையவை.

தோலுக்கென்றே செய்தவை

கொசுவுக்குத் தோலில் பூசத்தக்கவை தனியாக இருக்கின்றன. அவை கொசுவைக் கொல்வதில்லை. நம்மைக் கண்டுபிடிக்க விடாமல் செய்கின்றன. அமெரிக்க இராணுவத்துக்காக 1946-ல் உருவாகி 1957 முதல் பொதுமக்களிடம் புழங்கும் டீட் இவற்றில் மூத்தது. ஐகாரிடின், ஐஆர்3535 ஆகியவற்றையும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குவாலியரில் உள்ள இந்தியப் பாதுகாப்பு ஆய்வகம் டெபா என்ற விரட்டியை உருவாக்கியது.

கோடிக்கணக்கானோர் பல பத்தாண்டுகள் தோலில் பூசிய அனுபவம் டீட்டுக்கு உண்டு. வலிப்பு போன்ற கடும் விளைவுகள் மிக அரிது. அவற்றிலும் பல, அளவு மீறிப் பூசியதாலோ குடித்ததாலோ வந்தவை. இரண்டு மாதத்துக்குக் கீழ் எதுவும் வேண்டாம், கொசுவலையே போதும் என்பது குழந்தை மருத்துவர்களின் பொது அறிவுரை. எலுமிச்சை வாசனையுள்ள யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் பிஎம்டி மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. குழந்தையின் உள்ளங்கையிலும் கண் வாய் அருகிலும் புண்ணிலும் பூசக் கூடாது. வீட்டுக்குள் வந்ததும் கழுவிவிட வேண்டும். உடையில் தடவ வேண்டிய சொட்டு மருந்தை உடையில்தான் தடவ வேண்டும், தோலில் அல்ல.

தீராத வழக்கு

உடனடி நஞ்சேற்றம் பற்றி ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிறு அளவு, நீண்ட காலம் என்றால் என்ன ஆகும் என்பதில்தான் வழக்கு நடக்கிறது. பைரித்ராய்டு உடைந்த எச்சங்கள் பல நாடுகளில் சாதாரண மக்களின் சிறுநீரிலேயே தென்படுகின்றன. உணவு, காற்று, தூசி, தோல் என்று எல்லா வழிகளிலும் வந்து சேர்ந்தவை அவை. கருவிலும் இளம் வயதிலும் இவை மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றனவா என்று பல ஆய்வுகள் நடந்தன. சிலவற்றில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. மாலத்தியானையும் டிடிடியையும் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற வரிசையில் வைத்தது. சான்று முழுமையாகவில்லை என்பதைச் சிலர் அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். தேவையில்லாத இடத்தில் பூசுவதற்கு அது காரணமாகாது. மலேரியாப் பகுதியில் மருந்திட்ட கொசுவலையால் உயிர்கள் தப்புகின்றன; அந்த நன்மைக்குச் சிறு ஐயத்தை ஏற்கலாம். பேனுக்கு ஸ்பிரே அடிப்பதில் அப்படி எந்த நன்மையும் எதிர்த்தட்டில் இல்லை.

டப்பாவின் முதுகில்

1958-ல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும், கப்பலில் வந்த கோதுமை மாவில் ஃபாலிடால் என்ற பாரத்தியான் கசிந்து கலந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு அமைந்த விசாரணை ஆணையமும் பரிந்துரைகளும்தான் 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு வழி வகுத்தன. 1971-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு டப்பாவிலும் சாய்சதுரக் குறி இருக்க வேண்டும். மேல்பாதியில் எச்சரிக்கை, கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை.

ஒரு ஸ்பிரே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் செத்துக் கிடக்கும் கரப்பான் பூச்சியின் படம் பெரிதாக இருக்கும். சாய்சதுரம் நகத்தளவில் ஒரு மூலையில் இருக்கும். எச்சரிக்கை வரிகள் எறும்பு ஊர்ந்ததுபோல் அடுக்கியிருக்கும். தமிழ் இருந்தாலும் கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும். தோலில் படாமல் பார்க்கவும், பட்டால் சோப்பு போட்டுக் கழுவவும் என்பவை அந்த வரிகளுக்குள்தான் இருக்கின்றன. நிறத்தையும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. எலிக்கு வாயிலும் தோலிலும் கொடுத்துப் பார்த்து, எந்த அளவில் சாகிறது என்பதை வைத்து இட்ட நிறம் அது. பச்சை என்றால் தடவிக்கொள்ளலாம் என்று பொருள் இல்லை.

பட்டுவிட்டால்

பட்ட உடையை உடனே கழற்ற வேண்டும். சோப்பும் நிறைய தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். தலைமுடி, காதின் பின்புறம், நகக்கண், தொப்புள் எதையும் விடக் கூடாது. வெந்நீர் வேண்டாம். நஞ்சு முறியும் என்று எண்ணெயோ நெய்யோ தடவுவது இன்னும் உள்ளே தள்ளும். கழுவிவிடுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீர் விட வேண்டும். வாந்தி, எச்சில் பெருக்கு, மூச்சுத்திணறல், தசைத் துடிப்பு, தள்ளாட்டம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. டப்பாவையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போக வேண்டும். ஆர்கனோபாஸ்பேட்டுக்கு அட்ரோபின் உண்டு, பைரித்ராய்டுக்கு அது மாற்று அல்ல. எது பட்டது என்று தெரிந்தால்தான் வைத்தியம் சரியாகத் தொடங்கும்.

யார் செய்ய வேண்டியது என்ன

இவற்றைச் செய்கிறவர்கள் கவலையில்லாதவர்கள் அல்ல. தலையில் பேன் இருப்பதைச் சொல்லிப் பள்ளியிலிருந்து பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள். குடும்பம் முழுவதற்கும் களிம்பு வாங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். ஸ்பிரே டப்பா ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. வெட்கமும் செலவும் தூக்கமில்லாத இரவும் சேர்ந்துதான் டப்பாவைக் கையில் எடுக்க வைக்கின்றன. எச்சரிக்கை வாசகத்தால் மட்டும் இதை மாற்ற முடியாது.

செய்யக்கூடியவை அரிதானவையும் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிரங்குக் களிம்பு குடும்பத்துக்கே போதுமான அளவில் கிடைக்க வேண்டும். பூச்சி செத்த பிறகும் அரிக்கும் என்று கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். பேன் இருக்கும் பிள்ளையை வகுப்பை விட்டு அனுப்பும் வழக்கத்தைப் பள்ளிகள் கைவிட வேண்டும். கால்நடை மருந்துக் கடைக்காரரும் உரக்கடைக்காரரும் "யாருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே பல விபத்துகள் கடையிலேயே நின்றுவிடும். 'உடம்பில் பூசக் கூடாது' என்பதை டப்பாவின் முன்பக்கத்தில், படத்தோடு, கரப்பான் பூச்சியின் அளவுக்காவது பெரிதாக அச்சிடும்படி விதியைத் திருத்த வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் எந்த மருந்தையும் தோலில் தொடும் முன் டப்பாவின் முதுகைப் பார்த்து ஒன்றைத் தேடினால் போதும்: இதைத் தோலில் எவ்வளவு, எந்த வயதுக்கு, எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அதன்படி பூசலாம். எழுதவில்லை என்றால், உள்ளே இருப்பது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும், அது தோலுக்குச் செய்த மருந்து அல்ல.